பழைய கோயிலுக்குச் சாய்தளம் போடுமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பழைய கோயில்கள் பலவற்றின் முன்வாசலில் மூன்று நான்கு படி உண்டு. நடக்க முடியாத பெரியவரைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஏற்றுவதைச் சேவை என்கிறோம். ஒருவர் கால் இடறினால் விழுவது நாற்காலியில் இருப்பவர்தான். நினைத்த நேரத்தில் தானே வந்து கும்பிட்டுப் போக அவருக்கும் உரிமை உண்டு.

அதற்குச் சாய்தளம் வேண்டும். 60 ஆண்டைத் தாண்டிய கட்டடம் என்றால் முதலில் பர்மிட். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டம், 34ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மரபுச் சின்னங்களைக் கவனிக்கும் அமாஃபா அமைப்பிடம் மனுப் போட வேண்டும். நகராட்சி பிளான் பாஸானாலும் இது தனி.

அடுத்து இடம். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளுக்கான தரநிலையான சான்ஸ் 10400 எஸ் பகுதிப்படி சரிவு 1:12க்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) மேல் போகக்கூடாது, அகலம் 1100 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 170 மில்லிமீட்டர் உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 510, சாய்தளம் 6.12 மீட்டர். மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் விட்டால் 9.12 மீட்டர் ஆகிவிடும். 1:12 என்பது கடைசி எல்லை. தானே உருட்டி வருபவருக்கு 1:15 நல்லது, அதற்கு 7.65 மீட்டர். நேராக இடமில்லையென்றால் நடுவில் சமதளம் வைத்து மடக்குங்கள். சரிவைக் கூட்டிவிடாதீர்கள்.

அதிகம் கெடுவது சுவர் ஓரத்தில். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஒட்டி கான்கிரீட் ஊற்றினால் ஈரம் மேலே ஏறும். உப்புப் பூக்கும், பூச்சு உதிரும், சுதை வேலைப்பாடும் கூடவே போகும். சுவருக்கும் சாய்தளத்துக்கும் நடுவே 50 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டுத் தனி அஸ்திவாரத்தில் நிற்க வையுங்கள். அந்த இடுக்கில் குப்பை சேராமல் மேலே கம்பிவலை, கீழே தண்ணீர் ஓட வழி. பலகைத் தரை உள்ள மண்டபமானால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மூடவே கூடாது, பலகை உளுத்துவிடும். கைப்பிடிக் கம்பியையும் சுவரில் துளையிட்டு மாட்டாமல் சாய்தளத்திலேயே நிறுத்துங்கள். கடற்காற்றுக்கு 304 தர எவர்சில்வரில் துருப்புள்ளி விழும், 316 கேளுங்கள்.

கதவு நிலைக்குக் கீழே உள்ள வாசற்படியை வெட்டாதீர்கள். 100 மில்லிமீட்டர் உயரமென்றால், இருபுறமும் 1.2 மீட்டர் நீளத்தில் கழற்றி எடுக்கும் மரச் சரிவு போதும். பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம். படியின் மேற்பகுதியில் சக்கரம் தட்டாதபடி பலகை சமமாக உட்கார வேண்டும். கதவு இரட்டையாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் திறந்து வைப்பதில் பயனில்லை.

தரைக்குப் பளபளப்பான டைல் வேண்டவே வேண்டாம். காவடி நாளில் பால், எண்ணெய், தேங்காய்த் தண்ணீர் எல்லாம் சிந்தும், நடப்பதோ வெறுங்காலோடு. கான்கிரீட் காயுமுன் சரிவுக்குக் குறுக்கே துடைப்பத்தால் கீறிவிட்டால் பிடிப்பு வரும். இரும்புத் தகடு வெயிலில் காலைச் சுடும்.

சக்கரம் தெருவில் உருண்டு வந்தது என்பதற்காக ஆளை வேறு நாற்காலிக்கு மாற்றச் சொல்வது தவறு. மேல் சமதளத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்து, சக்கரத்தைத் துடைத்து அப்படியே உள்ளே விடுங்கள். செருப்பு விடும் இடத்தைச் சாய்தளத்தின் அடியிலிருந்து தள்ளி வையுங்கள். திருவிழாவன்று பாதையை முதலில் அடைப்பது அதுதான்.