படபடப்பு, கதீட்டர், சூடு: காரைக்குடிக் குறிப்புகள்

2025 ஜூலை 7, திங்கள்

புதுவயல், கல்லல் பக்கமிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது படபடப்பு அடங்கிய பிறகு எடுத்த ஈசிஜி. டெல்டா அலை (இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை, அதாவது துணைப்பாதை, இருப்பதைக் காட்டும் சாய்வு) தெரிந்தால் ஒழிய அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. துடிப்பு 180இல் ஓடும்போதே பன்னிரண்டு லீடிலும் எடுத்த தாள் ஒன்று போதும், மதுரையிலோ சென்னையிலோ அப்லேஷன் (கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, படபடப்புக்குக் காரணமான இடத்தைச் சுடுவது) செய்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ரத்த அழுத்தம் தாங்கினால் முதலில் ஈசிஜி, பிறகுதான் அடக்குவது.

அடக்கும் முறை: சாய்ந்து உட்காரவைத்து, 10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டன் நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான ரிவெர்ட் ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குச் சீரானது. காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதம்தான். நிற்காவிட்டால் முழங்கை மடிப்புச் சிரையில் அடினோசின் (மின்துடிப்பின் ஓட்டத்தைச் சில விநாடி தடுக்கும் மருந்து) 6 மி.கி., உடனே 20 மி.லி. சலைன். அப்போது ஈசிஜி ஓடிக்கொண்டே இருக்கட்டும். எப்படி நின்றது என்பதும் ஒரு தடயம்.

அகன்று, ஒழுங்கில்லாமல், மிக வேகமாக ஓடும் துடிப்புக்கு அடினோசின், வெரபமில், டிகாக்சின் ஆகிய மூன்று மருந்துகளும் ஆகாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறையான ஏட்ரியம் ஒழுங்கின்றித் துடிப்பது) துணைப்பாதை வழியாகக் கீழறைக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே ஷாக்தான் பாதுகாப்பு.

ஜூலை 9, புதன்

அப்லேஷனுக்குப் புறப்படுமுன்: துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரும் வெரபமிலும் வழக்கமாகச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தப்படும், இல்லாவிட்டால் மேசையில் படபடப்பைத் தூண்டவே முடியாமல் போகும். அமியோடரோன் என்ற மருந்து சில நாளில் உடம்பைவிட்டுப் போகாது. முதல்நாள் எண்ணெய்க் குளியல் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தோலில், கதீட்டரின் மின்னோட்டம் வெளியேற முதுகில் ஒட்டும் பட்டை சரியாக ஒட்டாது, ஓரத்தில் தோல் வெந்துவிடும்.

ஜூலை 12, சனி

அதிகம் கேட்கப்படுவது ஏவிஎன்ஆர்டி என்ற படபடப்பு வகை. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவை ஒட்டி வேகப்பாதை, மெதுப்பாதை என இரண்டு இருந்து, மின்துடிப்பு அவற்றுக்குள் வட்டமடிப்பது. சுட வேண்டியது மெதுப்பாதையை.

தொடைச் சிரை வழியாகக் கதீட்டர்கள் ஏறுகின்றன: வலது ஏட்ரியம், ஹிஸ் (ஏவி கணுவுக்கு அடுத்த மின்கற்றை), வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), கொரோனரி சைனஸ் (இதயத்தின் சொந்தச் சிரை). 600 மில்லிவிநாடி இடைவெளியில் கதீட்டரால் தூண்டும் எட்டுத் துடிப்பு, அதன்பின் ஒரு முன்துடிப்பு. அதை 10, 10 மில்லிவிநாடியாக நெருக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் ஏஹெச் இடைவெளி (ஏட்ரியத்திலிருந்து ஹிஸ் வரை துடிப்பு போகும் நேரம்) 50 மில்லிவிநாடி அல்லது அதற்கு மேல் துள்ளினால் மெதுப்பாதை இருக்கிறது என்று பொருள். தூண்டலுக்கு மசியாவிட்டால் ஐசோப்ரினலின் (துடிப்பை வேகப்படுத்தும் மருந்து).

இடம் காக் முக்கோணத்தின் அடிப்பகுதி: கொரோனரி சைனஸ் வாய்க்கும் மூவிதழ் வால்வுக்கும் நடுவே. கதீட்டர் நுனியில் ஏட்ரிய அலை சிறிதாகவும் வென்ட்ரிக்கிள் அலை பெரிதாகவும் தெரிய வேண்டும். 4 மி.மீ. நுனி, 30 முதல் 50 வாட், 55 முதல் 60 டிகிரி. சரியான இடமென்றால் சில விநாடியிலேயே ஜங்ஷனல் துடிப்புகள் (ஏவி கணுப் பகுதியிலிருந்தே கிளம்புபவை) வரும். 15, 20 விநாடியிலும் வராவிட்டால் இடம் மாற்றுவதே நல்லது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏட்ரிய அலை இருக்கிறதா என்பதில்தான் கண் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும், ஈசிஜியில் பிஆர் (மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு போகும் நேரம்) நீண்டாலும், சூட்டை இயக்கும் பெடலிலிருந்து கால் உடனே எடுபட வேண்டும். தாமதித்தால் நிரந்தர பேஸ்மேக்கர். இந்தப் பயம் உள்ள இடங்களில் கிரையோ (உறையவைக்கும் முறை) கைகொடுக்கும்: –30 டிகிரியில் சோதித்து, கோளாறு தெரிந்தால் சூடேறவிட்டுத் திரும்பலாம்.

முடிந்ததும் ஐசோப்ரினலினோடு மீண்டும் தூண்டிப் பார்க்க வேண்டும். ஒற்றை எதிரொலித் துடிப்பு மிஞ்சினால் பரவாயில்லை; ஓட்டம் தொடங்கக் கூடாது.

ஜூலை 16, புதன்

ஏன் சில நேரம் சுட்டும் சுடாமல் போகிறது? ரேடியோ அலை நேரடியாகச் சூடாக்குவது நுனியை ஒட்டிய ஒரு மி.மீ. அளவு தசையைத்தான். ஆழத்துக்குச் சூடு கடத்தப்பட்டே போக வேண்டும். சுமார் 50 டிகிரியைத் தொடாத தசை மயங்குமே தவிர சாகாது; மேசையில் அடங்கிய படபடப்பு சில வாரத்தில் திரும்பி வருவது இதனால்தான். கதீட்டர் நுனியின் அழுத்தம் 10 முதல் 20 கிராம் இருக்கட்டும். வாட்டையும் அழுத்தத்தையும் அளவுமீறி ஏற்றினால் தசைக்குள் 100 டிகிரி தாண்டி நீராவி வெடிக்கும். "டப்" என்ற சத்தம் கேட்டால் அடுத்த வேலை எக்கோவில் இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குகிறதா என்று பார்ப்பது. மின்தடை சட்டென்று எகிறுவதும் நிறுத்தச் சொல்லும் குறிதான்: நுனியில் ரத்தம் உறைகிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் கதை வேறு. தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998இல் போர்தோ குழுவின் ஐசகேர் காட்டியதிலிருந்து, சிரைவாய்களைச் சுற்றிச் சுட்டுத் தனிமைப்படுத்துவதே அடிப்படை. இடது ஏட்ரியத்தில் வேலை என்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 300 விநாடிக்கு மேல் வைக்க வேண்டும். கிரையோ பலூனில் வலப்பக்கச் சிரைகளை உறையவைக்கும்போது உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பை மின்துடிப்பால் தூண்டி, விலாவின் கீழ் கைவைத்து உதரவிதானத் துடிப்பு தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சூடில்லாமல் மின்புலத் துடிப்புகளால் தசையை அழிக்கும் புதிய பல்ஸ்டு ஃபீல்டு முறை உணவுக்குழாயையும் நரம்பையும் பெரிதும் விட்டுவைக்கிறது; ஆனால் சிவப்பணுச் சிதைவு, கொரோனரிச் சுருக்கம் என்று அதற்கும் தனி வில்லங்கம் உண்டு.

ஜூலை 28, திங்கள்

வீடு திரும்பியவர்களுக்கு. ஊசி போட்ட தொடையைச் சில மணி நேரம் நீட்டியே வைத்திருக்கச் சொல்வார்கள். சிக்கல் வருவது வீட்டுக்கு வந்த பிறகு. குந்தி உட்காரும் கழிப்பறை, உயர்ந்த திண்ணைப் படி, தண்ணீர்க்குடம் இவையெல்லாம் ஒரு வாரத்துக்கு வேண்டாம். "காலை மடக்கிராதீக ஆச்சி" என்று ஒருமுறை சொன்னால் போதாது. வீக்கம் பெருத்தால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குச் செய்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு எட்டிப் பார்க்கும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள், சில சமயம் இன்னும் தள்ளியும், காய்ச்சல், விழுங்கும்போது வலி, வாய் கோணுதல் ஏதாவது வந்தால், ஏட்ரியத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். அரிதுதான், ஆனால் உயிரை வாங்கும். எண்டோஸ்கோபி செய்யவே கூடாது. ஊதும் காற்று இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறும். கான்ட்ராஸ்ட் கொடுத்து மார்பு சிடி எடுத்து, அன்றே இதய அறுவைச் சிகிச்சை உள்ள ஊருக்கு அனுப்ப வேண்டும்.