ஐநூறு பிள்ளை பெற்றவள்

அஜந்தாவில் எல்லாக் கூட்டமும் முதல் குகையில் போதிசத்துவர் பத்மபாணியின் ஓவியத்துக்கு முன்னால்தான். நானும் அங்கேதான் முண்டிக்கொண்டு நின்றேன். அம்மா, "முட்டு வலிக்கு மக்களே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் குகைக்கு நகர்ந்துவிட்டாள். அவளைத் தேடிப் போன இடத்தில்தான் ஹாரிதியைக் கண்டேன்.

இரண்டாம் குகையின் நடுக் கருவறையில் புத்தர். நமக்கு வலக்கைப் பக்கம் ஒரு சிறு சன்னிதி. மங்கிய வெளிச்சத்தில் ஹாரிதியும் கணவன் பாஞ்சிகனும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சிற்பம். அவள் மடியில் ஒரு பிள்ளை.

ராஜகிருகத்து யட்சி அவள். ஐநூறு பிள்ளைகளைப் பெற்றவள். ஊரார் பிள்ளைகளைத் தூக்கிப் போய்த் தின்றவளும் அவளேதான். புத்தர் அவளுடைய கடைக்குட்டி பிரியங்கரனைத் தம் பிச்சைப் பாத்திரத்தின் கீழ் ஒளித்து வைத்தார். மார்பில் அடித்துக்கொண்டு தேடி அலைந்தாள். ஐநூறில் ஒன்று காணாததற்கே இந்தப் பாடென்றால், ஒன்றே ஒன்றைப் பெற்று இழந்தவள் கதி என்ன என்று கேட்டார் புத்தர். அத்தோடு அடங்கினாள்.

அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு மூலையில் ஹாரிதி ஆங்காரத்தோடு புத்தர் மேல் பாய்கிறாள். மறு மூலையில் அவர் காலடியில் பணிந்திருக்கிறாள். தாயாக உட்கார வைத்த பிறகும் அந்தப் பழைய கோபத்தைச் சிற்பி மறைக்கவில்லை.

"இது நம்ம இசக்கியம்மைல்லா?"

எங்கள் பக்கத்து இசக்கிக்கு இடுப்பில் ஒரு பிள்ளை. சில கோயில்களில் வாயிலும் ஒன்று. யட்சி என்பதுதான் இயக்கியாகி இசக்கியாயிற்று என்பார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல்லாராய்ச்சியெல்லாம் தெரியாது. பார்த்த மாத்திரத்தில் ஆளைப் பிடித்துவிட்டாள்.

பீடத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஒரு பள்ளிக்கூடம்! வாத்தியார் பிரம்போடு இருக்கிறார். அவர் கண்ணுக்கு எட்டும் பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள். கடைசியில் இருப்பவை ஆட்டுக்கடாக்களை வைத்துக்கொண்டு ஒரே கும்மாளம். பக்கச் சுவர் ஓவியங்களில் பெண்கள் பிள்ளைகளோடு காணிக்கை ஏந்தி அவளை நோக்கி வருகிறார்கள். சன்னிதிக்குள் நின்றால் நாமும் அந்த வரிசையில் ஒருத்தியாகிவிடுகிறோம்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் ஹாரிதி அடங்கிய பிறகு வருவது. இனி என் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று அவள் கேட்கிறாள். நியாயமான கேள்விதானே? திருந்தினாலும் பசி போய்விடாது. மடங்களில் பிக்குகள் தினமும் தங்கள் உணவில் ஒரு பங்கு தருவார்கள் என்று புத்தர் வாக்குக் கொடுத்தார். அது வெறும் கதையாக நின்றுவிடவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி இட்சிங், இந்திய மடங்களின் வாசலிலோ உணவுக்கூட மூலையிலோ குழந்தை ஏந்திய ஹாரிதி இருப்பதையும், நாள்தோறும் அவளுக்குப் படையல் வைப்பதையும் எழுதியிருக்கிறார். வீட்டையும் தாயையும் விட்டு வந்த துறவிகள், தாங்கள் உண்ணுமுன் ஒரு தாய்க்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கீழே இறங்கும்போது அம்மாவிடம் சொன்னேன். "உம்" கொட்டிக்கொண்டே வந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். நான் கை வைக்குமுன் அம்மா ஒரு பிடி எடுத்து இலையில் தனியே வைத்தாள். சற்று யோசித்து, இன்னொரு பிடியும் வைத்தாள்.

"ஐநூறு பிள்ளைல்லா... ஒரு பிடி எங்க காணும்?"