ஸ்டில் போட்டோவில் ஒன்றரை நிமிடப் படம்: முதலில் சத்தம், அப்புறம்தான் கேமரா

கலைக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்தவர்கள் ஸ்டில் போட்டோக்களை அடுக்கிப் படம் பண்ண உட்கார்ந்தால், முதல் வேலையாக எல்லாப் போட்டோவுக்கும் ஒரு ஜூம் போட்டுவிடுகிறார்கள். ஒன்று உள்ளே போகும், அடுத்தது வெளியே வரும், மூன்றாவது இடமிருந்து வலம் நகரும். கீழே ஒரு பாட்டு. பார்த்தால் கல்யாண ஆல்பம் வீடியோ மாதிரி இருக்கும். போட்டோ அசையாமல் நின்றால் பார்ப்பவருக்குச் சலித்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் வேண்டாம். ஸ்டில் படத்தில் நேரத்தை ஓட்டுவது சத்தம். பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த 'லா ஜெத்தே' 28 நிமிஷம் ஓடும். ஒரு பெண் கண் திறக்கும் ஒரே ஒரு ஷாட்டைத் தவிர, மீதி அத்தனையும் ஸ்டில். குரலும் சத்தமும் சேர்ந்து அதை நடத்திப் போகின்றன. மற்றதெல்லாம் அசையாமல் இருப்பதால்தான் அந்த ஒரு ஷாட் நம்மைத் தூக்கிப் போடுகிறது. எல்லாவற்றையும் அசைத்துவிட்டால் அந்த வாய்ப்பே போச்சு.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சத்தம், அதற்கப்புறம் போட்டோ, கடைசியில் எடிட்டிங்.

வடசென்னையில் இதற்கு விஷயம் தேடி அலைய வேண்டாம். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது, தூண்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனாலும் முதல் படத்துக்குக் கட்டடம் வேண்டாம். கட்டடம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். ஒரு போட்டோவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அங்கே ஒன்றும் நடக்காது. கைவேலை செய்யும் ஒருவரைப் பிடியுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருப்பவர் இதற்கு அருமையான ஆள். ஊசி உள்ளே போகிறது, நூல் இழுபடுகிறது, முடிச்சு விழுகிறது. தொடக்கம், நடு, முடிவு மூன்றும் அதிலேயே இருக்கிறது. விடிவதற்கு முன் நடக்கும் மீன் ஏலத்துக்கு இப்போது போகாதீர்கள். கூட்டம், வழுக்கல், இருட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெயின்ட் அடிப்பது, மராமத்து, வலை வேலை எல்லாம் பகலில் கரையிலேயே நடக்கும். அதுதான் நல்ல சமயம்.

முதல் நாள் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். போனில் ரெக்கார்டிங் ஆப்பை வேவ் ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். கடல் காற்று நேரே மைக்கில் அடித்தால் 'டபடப' என்று விழும், பிறகு எந்த ஃபில்டராலும் அதைத் துடைக்க முடியாது. காற்றுக்கு முதுகைக் காட்டி, படகின் மறைவில் நின்று, மைக் துளைக்கு ரோமத் துணியோ ஸ்பாஞ்சோ கட்டுங்கள். யாரும் பேசாத பொதுச் சத்தம் இரண்டு நிமிஷமாவது நிறுத்தாமல் வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் எல்லாம் அடியில் ஓடப்போவது இதுதான். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும். பிறகு பக்கத்துச் சத்தங்கள்: நைலான் நூல் இழுபடுவது, கத்தி நறுக்குவது, ஐஸ் உடைப்பது, தூரத்தில் டீசல் இன்ஜின். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாண் தூரம் வரை கிட்டே போங்கள்.

பேச்சு எடுக்கும்போது "நிறுத்தாம கட்டிகினே பேசுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். கை ஓடினால் பேச்சும் இயல்பாக வரும். அவர் பேசும்போது "ம்ம்", "ஆமாண்ணா" போடக் கூடாது, தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் 'ம்ம்' அவர் சொல்லின் மேல் விழுந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. "வலை எப்படிண்ணா கிழியுது?" என்று கேட்டால் "பாறைல மாட்டி" என்று பாதியில் தொடங்குவார். உங்கள் கேள்வி படத்தில் இருக்காது, அதனால் அந்தப் பதில் அந்தரத்தில் நிற்கும். கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் "வலை கிழியறது எப்படின்னா..." என்று முழு வாக்கியமாக வரும்.

வீட்டுக்கு வந்து, போட்டோ எதையும் தொடாமல் 90 விநாடிச் சத்தத்தை மட்டும் அடுக்குங்கள். குரலின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில், பொதுச் சத்தம் மைனஸ் 30 சுமாரில் இருக்கட்டும். கண்ணை மூடிக் கேளுங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே அடுத்ததற்குப் போகத் தோன்றுகிறது என்று காது சொல்லும் இடங்களில் எல்லாம் எடிட்டரில் மார்க்கர், அதாவது ஒரு அடையாளக் குறி, போடுங்கள். எத்தனை போட்டோ வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்ற பட்டியல் அதுதான்.

கணக்கு எளிது. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 90 விநாடிக்கு 2250 ஃப்ரேம். சராசரி 3 விநாடி என்றால் 30 போட்டோ. ஆனால் எல்லாமே 3 விநாடி என்று வைத்தால் மூன்றாவது போட்டோவிலேயே பார்ப்பவர் அடுத்த வெட்டை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். முகம் 5, 6 விநாடி தாங்கும். கூட்டமான போட்டோ 2 விநாடிக்குக் குறைந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. ஊசி, நூல், முடிச்சு என்று தொடர்ச்சியாக எடுத்தவை ஒவ்வொன்றும் 8 முதல் 12 ஃப்ரேம் போதும்.

இப்போது கேமரா. எல்லாம் படுக்கை வாட்டில், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு. ஒரு நல்ல போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் இதற்கு உதவாது. கால் நகராமல் அதே இடத்திலிருந்து ஆறேழு எடுங்கள், பிறகு ஒரு அடி முன்னால் போய் இன்னும் ஆறேழு. தொடர் எடுக்கும்போது டிரைபாட் கட்டாயம். டிரைபாடில் எடுத்த இரண்டை டிசால்வ் செய்தால் (ஒன்று மெல்ல மறைய, அடுத்தது மெல்லத் தெரிவது) படகும் தரையும் நிலையாக நிற்க, கை மட்டும் நகர்ந்து தெரியும். கையில் பிடித்து எடுத்ததென்றால் எல்லா ஓரமும் இரட்டையாகத் தெரியும்.

எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். காசிமேட்டில் நீலம் அதிகம்: நீல வலை, நீலத் தார்ப்பாய், நீல டிரம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு மாதிரி ஈடுகட்டும். ஒரே ஆளின் தோல் நிறம் போட்டோவுக்குப் போட்டோ மாறிவிடும். தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் முகமே நீலமாக விழும். மீன் பெட்டியின் தெர்மகோல் மூடியை வாங்கி, வெளி வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி பிடியுங்கள். கடையில் ரிஃப்ளெக்டர் வாங்கும் காசு மிச்சம். எல்இடி விளக்கில் எடுப்பதானால் சைலன்ட் ஷட்டரை அணைத்துவிட்டு ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். வேகத்தைக் கூட்டினால் போட்டோவின் குறுக்கே பட்டை விழலாம்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவச வடிவம் போதும். ஆனால் தொடங்கும் முன் சில இடங்களில் கை வைக்க வேண்டும். ப்ராஜெக்ட் ஃப்ரேம் ரேட்டை முதலிலேயே 25 ஆக்குங்கள்; மீடியா உள்ளே வந்தபின் மாற்ற விடாது. வரிசை எண்ணுள்ள போட்டோக்களை அது தானாகவே ஒரே வீடியோ கிளிப்பாகச் சேர்த்துக்கொள்ளும். முப்பது போட்டோ போட்டால் 1.2 விநாடியில் ஓடி மறைவது இதனால்தான். மீடியா பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவில் 'ஃப்ரேம் டிஸ்ப்ளே மோட்' என்பதை 'இண்டிவிஜுவல்' ஆக்கிவிட்டுப் பிறகு இழுங்கள்.

போட்டோ மாறும் இடமும் சத்தம் மாறும் இடமும் ஒரே ஃப்ரேமில் விழ வேண்டாம். ஐஸ் உடைக்கும் சத்தம் அரை விநாடி முன்னால் வந்துவிட்டால், பார்ப்பவர் அதைத் தேட ஆரம்பித்திருப்பார். அப்போது போட்டோ வந்து நின்றால் வெட்டு நடந்ததே தெரியாது.

ஜூம் வேண்டவே வேண்டாமா? 90 விநாடியில் ஒன்றிரண்டு இருக்கட்டும், காரணத்தோடு. 4 விநாடியில் 100இலிருந்து 106 சதவீதம் வரை போதும், தொடக்கமும் முடிவும் மெதுவாக. அடுத்த போட்டோவுக்கு டிசால்வ் இருந்தால் அது முடியும் வரை நகர்வும் ஓட வேண்டும், நடுவில் நின்றால் பளிச்சென்று தெரியும். இந்த வேகத்தில் ஃப்ரேமின் ஓரம் ஒரு ஃப்ரேமுக்கு அரை பிக்சல் சுமாருக்குத்தான் நகர்கிறது. சில மொபைல் ஆப்கள் முழு பிக்சலாகத்தான் தாவும், அதனால் படம் நடுங்கும். எவ்வளவு உள்ளே போகலாம் என்பது பிக்சலைப் பொறுத்தது. 1920க்கு 1080 படத்தில், 4000க்கு 3000 போன் போட்டோ இரண்டு மடங்கு வரை தாங்கும், 6000க்கு 4000 கேமரா போட்டோ மூன்று மடங்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தது நீளப் பக்கத்தில் 1600 பிக்சல் சுமாருக்குச் சுருங்கியிருக்கும், திரையை நிரப்பவே போதாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வலையைப் போட்டோ எடுப்பவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி ஒன்று உண்டு. பெரிய போட்டோவை 1920க்குச் சுருக்கும்போது வலைக் கண்கள் பிக்சலைவிடச் சின்னதாகிவிடும். ஸ்டில்லாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஜூம் கொடுத்ததும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இழை பிக்சலில் மாட்ட, வலை முழுக்க மினுமினுக்கும், அலை அலையாகக் கோடு ஓடும். தகர ஷீட், கட்டம் போட்ட லுங்கி, தண்டவாள ஜல்லி எல்லாவற்றுக்கும் இதே கதி. எடிட்டருக்குள் கொண்டுபோகும் முன்பே ஜிம்ப் என்ற இலவசப் போட்டோ மென்பொருளில் போட்டோவை 2400 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 0.5 முதல் 1 பிக்சல் வரை காஸியன் ப்ளர் (லேசாக மங்கலாக்குவது) கொடுங்கள். ஷார்ப்பன் பக்கம் போகவே கூடாது. அப்படியும் மினுக்கினால் அந்தப் போட்டோவை அசைக்காதீர்கள்.

வலை கட்டுபவர் தன் வீட்டில் பழைய போட்டோ காட்டினால் சட்டத்திலிருந்து பிரிக்காதீர்கள். கடலோர ஈரத்தில் போட்டோவின் மேல்தோல் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு வைத்து, கேமராவை நேர்குத்தாகப் பிடித்து எடுங்கள். கேமராவின் பிம்பம் கண்ணாடியில் விழுந்தால், லென்ஸுக்கு மட்டும் துளை போட்ட கறுப்பு சார்ட்டை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டமில்லாத 4க்கு 6 அங்குலப் பிரின்ட் என்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், 3600க்கு 2400 கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் சும்மா ஸ்கேன் என்று சொன்னால் 300இல் எடுத்துத் தந்துவிடலாம். அது 1800தான் வரும்.

எக்ஸ்போர்ட் எச் 264 வீடியோ வடிவத்தில், 1920க்கு 1080, 25 ஃப்ரேம், பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தரவு என்பது) 15 முதல் 20 எம்பிபிஎஸ். விடிகால வானம் மாதிரி மெல்ல மாறும் நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், பிட்ரேட்டை ஏற்றுவதற்கு முன் மெல்லிய க்ரெயின் (பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளி) சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். மைனஸ் 30இல் வைத்த கடல் போன் ஸ்பீக்கரில் காணாமலே போகும். போனில்தான் எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்றால் அதை நாலைந்து டெசிபல் ஏற்றி இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.