மசிட்டீசே குகை வீடும் கூரையில் ஒரு காலடியும்

தென்னாப்பிரிக்கா சுற்றிச் சூழ்ந்த சிறிய மலைநாடு லெசோத்தோ. காலை ஏழு மணிக்கு அதன் தலைநகர் மசேருவில் மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பியது ஒன்பதே முக்காலுக்கு. லெசோத்தோவில் மினிபஸ்ஸுக்குக் கால அட்டவணை கிடையாது. கடைசி இருக்கை நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். மாஃபெட்டெங், மொஹாலெஸ் ஹூக் எல்லாம் அரைத் தூக்கத்தில் கடந்தன. குத்திங் ஊருக்குச் சற்று முன்னால் ஓட்டுநர் "மசிட்டீசே!" என்று குரல் கொடுத்தார். குத்திங் என்பதன் முதல் எழுத்தை நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டுமாம். வண்டியில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தும் எனக்கு வரவில்லை. அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இந்த நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டில் ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடம் அது மூச்சில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் தேவாலயம். அதற்கும் மேலே, மணற்பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் குகை வீடு. கதவில் பூட்டு தொங்கியது.

சாவி வைத்திருந்தவர் கம்பளி போர்த்திய ஒரு மூதாட்டி. "லுமேலா, ம்மே" என்று வணங்கினேன். ம்மே என்றால் அம்மா. இந்த ஒரு சொல் மட்டும் நாக்கில் தடுக்கவே இல்லை. அவர் அவசரப்படாமல் நலம் விசாரித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.

பழைய கிறிஸ்தவ மிஷன் நிலையம் என்றதும் மணிக்கூண்டும் தூணும் வைத்த பெரிய பங்களாவை நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இது பாறைக்கு அடியில் சுவர் வைத்து அடைத்த சில சிற்றறைகள். கூரை போடும் செலவு மிச்சம். 1866-இல், பக்கத்து நாடான ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்டின் போயர்களோடு (டச்சு வழிவந்த குடியேறிகள்) இந்த நாட்டின் பசோத்தோ மக்கள் போரில் சிக்கியிருந்த காலத்தில், டேவிட் ஃப்ரெடரிக் எலென்பெர்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். பாரிஸ் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். போதகர் என்பதைவிட அவர் அச்சுக்காரர் என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. மாட்டு வண்டிகூடத் தடுமாறும் இந்த மலைக்கு ஓர் அச்சு இயந்திரத்தையும் கொண்டுவந்து ஓட்டியிருக்கிறார். அந்த இயந்திரம் பிறகு மொரிஜா என்ற ஊருக்குப் போயிற்று. பசோத்தோ மக்களின் வரலாற்றை முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய நூல் 1912-இல் வெளிவந்தது.

மூதாட்டி என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக் கூரைமேல் பிடித்தார். மூன்று விரல்கள். டைனோசரின் காலடி! ஆனால் கூரையில் எப்படி?

ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஈர மண்ணில் அது மிதித்த பள்ளத்தை அடுத்து வந்த மணல் நிரப்பி இறுகிவிட்டது. பிறகு கீழிருந்த மென்மையான அடுக்கு அரித்துப் போக, நிரப்பிய மணல் மட்டும் பாறையாகி அச்சு வார்த்ததுபோல் மேலே தொங்குகிறது. அச்சுக்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை அமையாது. இந்தக் குடும்பத்தின் பேரன்களில் ஒருவரான பால் எலென்பெர்கர் பின்னாளில் லெசோத்தோவின் டைனோசர் காலடிகளை ஆராய்வதையே தொழிலாக்கிக்கொண்டார்.

கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "போதுமா, ந்தாதே (ஐயா)?" என்று கேட்பதுபோல் மூதாட்டி சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினார். திரும்பும் மினிபஸ்ஸும் நிரம்ப வேண்டுமே என்ற நினைவு அப்போதுதான் வந்தது.