சத்தம் கூடக் கூடப் பாட்டு குறைகிறது

எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர்தான். புளியமரத்தில் கட்டிவிட்டால் விடியற்காலையிலேயே இளையராஜா ஆரம்பித்துவிடுவார். அந்தக் குழாயில் அடித்தொனி சுத்தமாக வராது. குரலும் வயலினும் புல்லாங்குழலும் தகரத்தில் பட்டுத் தெறித்து நாலு தெரு தாண்டிக் கேட்கும், அவ்வளவுதான். அதிலேயே கேட்டுக் கேட்டுப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்.

1991இல் கல்லூரி விடுதியில் அறைத்தோழன் தன் வாக்மேனைக் கொடுத்து, இந்தா கேள் என்றான். அதே பாட்டுதான், ஆனால் குரலுக்குக் கீழே ஒரு பேஸ் கிடார் தன்பாட்டுக்கு வேறொரு மெட்டை வாசித்துக்கொண்டு நடக்கிறது, பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் அது மேலே ஏறி வந்து எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி இறங்கிப்போகிறது. ஐந்தாறு வருடமாகத் தெரிந்த பாட்டில் இப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. ராஜாவின் பல பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்தப் பக்கத்தை நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

அடுத்த வருடம் 'ரோஜா' வந்தது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஸ்டூடியோவில் ரஹ்மான் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகச் செதுக்கியதும், ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதர் அவருக்குத் துணை நின்றதும் இன்று எல்லோரும் பேசுகிற கதை. எங்களுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. கேசட்டைப் போட்டதும் அறையில் ஒருத்தரும் பேசவில்லை, அதுதான் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு ஒலியைச் சுற்றியும் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. தாளம் ஒரு பக்கம், குரல் நடுவில், பின்னால் எங்கோ தூரத்தில் கோரஸ். தூரம் என்பதைக் காதால் கேட்க முடியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆல்பம் அது.

சரி, இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், போன மாதம் எண்பதுகளின் ஆல்பம் ஒன்றை 'ரீமாஸ்டர்', அதாவது பழைய பதிவின் ஒலியை இன்றைக்கு ஏற்றபடி மறுபடி சீர்செய்தது, என்ற பெயரோடு வந்திருந்ததால் ஆசையாக இறக்கினேன். என்னிடம் அதன் பழைய சிடியும் உண்டு. அந்தப் பாட்டு ஒற்றை வீணையில் மெதுவாகத் தொடங்கும், அரை நிமிடம் கழித்து முப்பது நாற்பது வயலின்கள் ஒரேயடியாக எழும்பும், சிடியில் அந்த இடத்தில் இன்றைக்கும் மயிர் கூச்செறிகிறது. புதியதில் வீணை காதருகே உட்கார்ந்து கத்துகிறது. வயலின்கள் வந்தபோது ஒன்றுமே நடக்கவில்லை, ஏற்கெனவே எல்லாம் உச்சத்தில் இருந்தால் எங்கே எழும்புவது? இரண்டையும் கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பார்த்தேன். சிடியில் மேடும் பள்ளமுமாக இருந்தது. புதியது செங்கல் மாதிரி, மேலும் கீழும் சீவிவிட்டது போல இருந்தது.

டிஜிட்டலில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதனால் சத்தமாகத் தோன்றவைக்க ஒரே வழி, மேடுகளை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்குவது. கம்ப்ரெஸரும் லிமிட்டரும் செய்கிற வேலை அதுதான். அளவோடு செய்தால் நல்லது, எல்லாரும்தான் செய்கிறார்கள். அளவு மீறினால் மிருதங்கத்தின் முதல் அடியிலுள்ள அந்தச் 'சட்' போய்விடும், தோலுக்குப் பதில் அட்டையைத் தட்டுவது போலாகிவிடும். 16 பிட் சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி இருக்கிறது. அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு பரணில் மட்டும் குடியிருப்பானேன்? 2008இல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் இப்படி அமுக்கப்பட்டு வந்தபோது, சிடியைவிட 'கிடார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாடல்கள் தெளிவாக இருக்கின்றன என்று ரசிகர்களே கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். இன்று ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சத்தம் கூடிய பாட்டைத் தாமே குறைத்துவிடுகின்றன. ஆகவே இப்படி அமுக்கியதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

பழைய பதிவெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் 78 ஆர்பிஎம் தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், கீறல் சத்தமும் கூடவே வரும். இருந்தும் அந்தத் தோடியில் நாதஸ்வரம் அடங்குவதும் பொங்குவதும் அப்படியே இருக்கிறது. அன்றைய பதிவுக் கருவிக்கு முடிந்ததை அதைப் பதிவு செய்தவர்கள் முழுசாகப் பிடித்து வைத்தார்கள். அந்தக் கீறலை என் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறது. நன்றாகப் பதிவானதைப் பிற்பாடு ஒருவர் உட்கார்ந்து நசுக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீங்களும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால், முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். அப்புறம், இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' படத்தின் இசை 1978லேயே ஸ்டீரியோவில் பதிவானது. அதன் நல்ல எல்பி தட்டை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கீறல் இருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.