கல் உடைந்துவிட்டது, கிளெய்ம்தான் உடைய மாட்டேன் என்றது

இடது கிட்னியில் 11 மி.மீ. கல். யூராலஜி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "கத்தியே வேண்டாம். வெளியில இருந்தே ஷாக்வேவ் அடிச்சு உடைச்சிடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அவர் சொன்ன அத்தனையும் நடந்தது. சொல்லாமல் விட்டதில்தான் நான் மாட்டினேன்.

முதல் அலைச்சல் ஸ்கேனில். ரிப்போர்ட்டில் கல்லின் அளவும் இடமும் இருந்தன, அது எவ்வளவு கெட்டி என்பது இல்லை. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற கணக்கில் அதைச் சொல்வார்கள். 1000-ஐத் தாண்டிய கல் ஷாக்வேவுக்கு லேசில் மசியாது, வேறு வழிதான் பார்க்கவேண்டும். அந்த நம்பரை வாங்கி வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார் டாக்டர். ஸ்கேன் சென்டரில், "கேட்டு எழுதினாத்தான் சார் போடுவோம்" என்றார்கள். ரொம்ப நேரம் உட்காரவைத்துவிட்டு, கடைசியில் கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்து 780 என்று எழுதித் தந்தார்கள். அந்த வேலைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்கேன் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். குறித்த நாளில் வெறும் வயிற்றோடு போய், கவுன் மாட்டி, கையில் ஊசி ஏற்றிப் படுத்தாயிற்று. மெஷின் போடும் தம்பி ஃபைலைப் புரட்டிவிட்டு, "சார், ஆஸ்பிரின் சாப்பிடுறீங்களா?" என்றார். இதயத்துக்காகத் தினமும் 75 மி.கி. போடுகிறேன். மாத்திரை லிஸ்ட் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஃபைலைத் திறந்தவர்கள் பலர், படித்தவர் அவர் ஒருவர்தான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஷாக்வேவ் அடித்தால் கிட்னியைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு ரத்து. ஊசியைப் பிடுங்கிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்து. இதய டாக்டரிடம் போய், எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுத்தில் வாங்கினேன். அந்த இடைவெளியில் மச்சான் தினமும் போன் போட்டு வாழைத்தண்டு சாறு குடிக்கச் சொன்னார். குடித்தேன். கல் அசையவில்லை, மச்சானும் அசையவில்லை.

சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகுக்கும் மெஷினின் தண்ணீர்ப் பைக்கும் நடுவே ஜெல் தடவுவார்கள். அதில் காற்றுக்குமிழி நின்றால் அலை உள்ளே போகாது. குறைந்த சக்தியில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு அடியும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுரீர் என்றது. நிமிஷத்துக்கு 60 அடி. 120 வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டதற்கு, மெதுவாக அடித்தால்தான் கல் நன்றாகப் பொடியும், கிட்னிக்கும் சேதம் குறைவு என்றார் அந்தத் தம்பி. 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு இதைச் செய்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் உட்காரவைத்தார்களாம். அந்த மெஷினைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. நமக்கு மெத்தையாவது கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. பயப்படவேண்டாம், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். ஆனால் குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உடைந்த துகள்கள் வரிசையாகக் குழாயில் நின்று அடைப்பது உண்டு. துகளைப் பிடித்து லேபுக்குக் கொடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானே ஒரு டீ வடிகட்டியை அதற்கென்று ஒதுக்கினேன். கால்சியம் ஆக்ஸலேட் வகைக் கல் என்று வந்தது.

இனி இன்சூரன்ஸ் கிளெய்ம். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று, கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ்ஸை முதலிலேயே மறுத்திருந்தார்கள். என் பாலிசிப் புத்தகத்தில், 24 மணி நேரக் கணக்கு பொருந்தாத சிகிச்சைகளில் டயாலிசிஸுக்குப் பக்கத்திலேயே லித்தோட்ரிப்ஸி, அதாவது இந்த ஷாக்வேவ் சிகிச்சை, அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, அடிக்கோடு போட்டு நீட்டினேன். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார், பணம் கட்டிட்டு அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கோங்க" என்றது இன்சூரன்ஸ் டெஸ்க்.

கட்டினேன், கிளெய்ம் போட்டேன். வந்தது ஒரு கடிதம்: வலி மூன்று வருஷமாக இருப்பதாக டிஸ்சார்ஜ் சம்மரி சொல்கிறது, பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோயை ஏன் மறைத்தீர்கள்? பாலிசிக்கு வயது இரண்டரை வருஷம். ஓ.பி. சீட்டைப் பார்த்தால், நான் "மூணு வாரமா" என்று சொன்னதை டியூட்டி டாக்டர் வருஷம் என்று குறித்திருக்கிறார். டைப் அடித்தவர் அதை அப்படியே ஏற்றியிருக்கிறார். ரெக்கார்ட் செக்ஷனில், "டைப் ஆனதை மாத்த முடியாது" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள்.

மாற்றவேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சிகிச்சை தந்த டாக்டரே தன் லெட்டர்பேடில், வலி மூன்று வாரமாகத்தான், சம்மரியில் இருப்பது எழுத்துப்பிழை என்று எழுதி, பதிவு எண்ணும் முத்திரையும் போட்டுத் தந்தார். அதைவிடப் பெரிய ஆயுதம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. முந்தைய வருஷம் ஆபீஸில் எடுத்த ஹெல்த் செக்கப்பின் அல்ட்ராசவுண்ட்: இரண்டு கிட்னியும் நார்மல், கல் இல்லை. பழைய பேப்பர்காரருக்குப் போட இருந்ததைத் தடுத்துவைத்தவள் என் மனைவி.

இரண்டையும் சேர்த்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். போகவேண்டி வரவில்லை. கிளவுஸ், ஜெல் காசு மட்டும் பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தை அக்கவுண்டில் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் டிஸ்சார்ஜ் சம்மரியில் "எவ்வளவு நாளாக" என்ற வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தப்பிருந்தால் அங்கேயே, பில் கட்டுமுன் திருத்தச் சொல்லுங்கள். அப்போது மட்டும் மாற்றித் தருகிறார்கள்.