28ஐக் கொடுத்து 2ஐ வாங்கிய கதை: யூட்டா ஆட்டம், நான்காம் கோடை

நேற்று இரவு என் கூடைப்பந்து வீடியோ ஆட்டத்தில் லாட்டரி (தோற்ற அணிகளில் யார் முதலில் புதுமுகத்தை எடுப்பது என்ற குலுக்கல்) முடிந்தது. கோல்டன் ஸ்டேட்டின் 2028 முதல் சுற்றுப் பிக் (புதுமுகத்தை எடுக்கும் முறை), பாதுகாப்பு (இத்தனைக்குள் வந்தால் பழைய அணிக்கே என்ற நிபந்தனை) எதுவும் போடாதது, என் கையில் இருக்கிறது என்று போன முறை எழுதியிருந்தேன். அது 2ஆம் இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதை வாங்க நான் கொடுத்தது ஜான் காலின்ஸும் கிளீவ்லாண்டின் 2025 பிக்கும்தான். அந்த கிளீவ்லாண்ட் பிக் 28ஆக விழுந்தது. மைஎன்பிஏவில் (அணியை நாமே நடத்தும் பகுதி) இத்தனை வருடம் ஆடியதில் இதைவிட நல்ல டிரேட் நான் செய்ததில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: என்பிஏ 2கே25, யூட்டா ஜாஸ், 2024-25 தொடக்கம், டிரேட் கடினம் உச்சத்தில், ஓவர்ரைடு (எதிரணியைக் கட்டாயமாக ஒப்புக்கொள்ள வைப்பது) அணைத்து வைத்தது. சேமித்த ஆட்டத்தை மறுபடி ஏற்றி அதே பேரத்தைத் திரும்ப முயல்வதில்லை என்று எனக்கு நானே போட்ட விதி ஒன்று. அது இந்த முறை ஒரு தடவைகூட மீறப்படவில்லை.

யூட்டாவை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த அணியிடம் ஏற்கெனவே பிக் குவிந்து கிடந்தது. 2022இல் கோபேரை மினசோட்டாவுக்கும் மிட்செலை கிளீவ்லாண்டுக்கும் அனுப்பி வாங்கியவை. அதை நடத்திய டேனி எய்ஞ்ச், 2013இல் பாஸ்டனில் இருந்தபோது 35 வயது பியர்ஸையும் 37 வயது கார்னெட்டையும் புரூக்ளினுக்குக் கொடுத்து 2014, 2016, 2018 முதல் சுற்றுப் பிக்குகளையும் 2017இல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கினவர். 2016 பிக்கில் ஜெய்லன் பிரவுன் வந்தார். 2017இல் கிடைத்த முதலிடத்தை பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு 3ஆம் இடத்தில் டேட்டமை எடுத்தார்கள். அந்த இரண்டு பேரும்தான் 2024 பட்டத்தைத் தூக்கினார்கள். பிக் வேட்டை ஆடுகிறவனுக்கு இதைவிடப் பாடம் வேண்டாம். வாங்க வேண்டியது இன்று தோற்கிற அணியின் பிக்கை அல்ல, இன்று ஜெயித்துக்கொண்டு வயதாகிக்கொண்டிருக்கிற அணியின் பிக்கை.

இதற்காக நான் ஒரு நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு அணிக்கு அரைப் பக்கம். இடது ஓரம் அணியின் பெயர், பிறகு முக்கியமான மூன்று ஆட்டக்காரர்களின் பிறந்த வருடம், ஒப்பந்தம் முடியும் வருடம், கடைசிக் கட்டத்தில் எந்தெந்த வருடப் பிக் அவர்கள் கையிலேயே இருக்கிறது என்பது. கோல்டன் ஸ்டேட் பக்கத்தில் இப்படி இருந்தது: கரி 1988, ஒப்பந்தம் 2026-27 வரை. டிரேமண்ட் 1990, அவருக்கும் 2026-27 வரை. இரண்டும் ஒரே கோடையில் முடிகிறது. அப்படியானால் அடுத்த சீசனுக்குரிய பிக், 2028, அதைத்தான் வாங்க வேண்டும். 2027 வாங்கினால் கரி இன்னும் ஆடிக்கொண்டிருப்பார், பிக் இருபதுகளில் விழும். 2029 வரை விட்டால் அவர்கள் எழுந்துவிட நேரம் கிடைத்துவிடும். ஒரே ஒரு வருடம்தான் ஜன்னல் திறந்திருக்கிறது. முந்தைய ஆட்டத்தில் இந்தக் கணக்குப் போடாமல், ஒர்லாண்டோ அந்த வருடம் தடுமாறுவதைப் பார்த்து அவர்களுடைய 2027ஐ வாங்கி, பையன்கள் வளர்ந்து அது 26ஆக வந்தது. அதிலிருந்துதான் இந்த நோட்டே ஆரம்பித்தது.

சரி, வாங்கிய விதம். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் மூன்று மாதம் (ஆட்டத்து மாதம்) தலைகீழாக நின்று பார்த்த இடம் இது.

டிரேட்டில் இரு பக்கச் சம்பளமும் பொருந்தவேண்டும். காலின்ஸுக்கு 2.66 கோடி டாலர், கோல்டன் ஸ்டேட்டின் விகின்ஸுக்கு 2.63 கோடி டாலர். அளவெடுத்துத் தைத்த மாதிரி. விகின்ஸின் ஒப்பந்தம் 2026-27 வரை நீள்கிறது, காலின்ஸுக்கு ஒரு வருடம் முன்பே முடிகிறது. அதாவது நான் நீளமான சுமையை ஏற்றுக்கொள்கிறேன், அதற்குக் கூலியாக 2028ஐக் கொடு என்பதுதான் பேரம். நவம்பரில் கேட்டேன், முகத்தில் அடித்த மாதிரி மறுத்தார்கள். டிசம்பரில் இரண்டாம் சுற்றுப் பிக் ஒன்றைச் சேர்த்தேன், அசையவில்லை. ஜனவரியில் என் அணியின் கிளார்க்சனைச் சேர்த்தால் வேறு யாரையாவது திருப்பித் தள்ளப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு ராத்திரி எதேச்சையாக 2028ஐ எடுத்துவிட்டு 2026ஐ வைத்துப் பார்த்தேன். அப்போதும் கிட்டத்தட்ட அதே எதிர்வினை. 2025ஐ வைத்தாலும் அதே.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எதிரணியை நடத்தும் கம்ப்யூட்டர் ஜிஎம் (மேலாளர்), கரிக்கு வயது 36 என்பதைப் பார்ப்பதே இல்லை, குறைந்தபட்சம் என் ஆட்டத்தில். இன்றைய அட்டவணையில் அணி எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் எல்லா வருடப் பிக்குக்கும் விலை போடுகிறது. 2025 பிக்கும் 2028 பிக்கும் அதன் கண்ணுக்கு ஒரே சரக்கு. அப்படியானால் நான் ஆட்டக்காரர்களைக் குவித்து மயக்க வேண்டியதில்லை, ஒரு முதல் சுற்றுப் பிக்குக்கு இன்னொரு முதல் சுற்றுப் பிக் கொடுத்தால் போதும். என்னிடம் இருப்பதிலேயே உதவாதது எது? கிளீவ்லாண்டின் 2025. அவர்கள் கிழக்கில் முதலிடத்தில் இருந்தார்கள், அந்தப் பிக் 27க்கு மேலே ஏறவே ஏறாது.

பிப்ரவரி 5, டிரேட் டெட்லைனுக்கு முந்தின நாள், கோல்டன் ஸ்டேட் 9 ஆட்டத்தில் 7 தோற்றிருந்த நேரம். முதலில் காலின்ஸ், விகின்ஸ் இருவரை மட்டும் வைத்தேன். பிக் எதையும் தொடவில்லை. இந்த வரிசை முக்கியம். வெறும் ஆள் மாற்றத்துக்கு அவர்கள் லேசாகச் சாய்வது தெரிந்த பிறகு என் பக்கம் கிளீவ்லாண்ட் பிக், பிறகு அவர்கள் பக்கம் 2028. ஒப்புக்கொண்டார்கள். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

ஆசை விடவில்லை, 2029ஐயும் கேட்டுப் பார்த்தேன். ஸ்டெபியன் விதி குறுக்கே வந்தது. 80களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்டை வைத்திருந்த டெட் ஸ்டெபியன் வருடா வருடம் முதல் சுற்றுப் பிக்கை விற்றுத் தள்ளியதால் வந்த விதி, எதிர்கால முதல் சுற்றுப் பிக்குகளை அடுத்தடுத்த இரண்டு வருடத்துக்குக் கைமாற்ற முடியாது. ஆட்டம் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது, எனக்குப் பிடித்த விஷயம்.

நிஜ யூட்டாவும் 2025 ஜனவரியில் இதே யோசனையைத்தான் செய்தது. மதிப்புக் குறைந்த மூன்று முதல் சுற்றுப் பிக்குகளை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து, பாதுகாப்பில்லாத 2031 பிக் ஒன்றை வாங்கினார்கள். அந்த டிராஃப்ட் நடக்கும்போது, அப்போது ஃபீனிக்ஸின் நட்சத்திரமாக இருந்த டுராண்டுக்கு 42 வயது இருக்கும். செய்தியைப் பார்த்தபோது என் நோட்டை யாரோ படித்த மாதிரி இருந்தது.

நடுவில் இருந்த சீசன்களைச் சுருக்கிவிடுகிறேன். 2025இல் எங்கள் சொந்தப் பிக் முதல் பத்துக்குள் வராவிட்டால் ஓக்லஹோமாவுக்குப் போய்விடும். லாட்டரி முதல் நான்கு இடத்துக்குத்தான், அதனால் எந்த அணியும் நான்கு படிக்கு மேல் வழுக்காது. கடைசி ஆறு அணிக்குள் முடித்தால் பிக் பத்திரம். எங்கள் நட்சத்திரம் மார்க்கனனை உட்கார வைத்து 19 வெற்றியில் முடித்தேன், 3ஆம் பிக் வந்தது. எங்கள் சென்டர் கெஸ்லர் நன்றாக வளர்ந்துவிட்டார். விகின்ஸ் கடைசி வருடம் வரை இருந்து ஒழுங்காக ஆடிக்கொடுத்தார், சுமை என்று வாங்கினேன், அப்படி ஆகவில்லை.

வயிற்றைக் கலக்கியது 2027 கோடைதான். என் ஆட்டத்தில் கரி 39 வயதில் ஓய்வு பெற்றார், கணக்கு சரி. ஆனால் அந்த ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் கழன்றதால் கோல்டன் ஸ்டேட்டிடம் பெரிய சம்பள இடம் (உச்சவரம்புக்குள் செலவழிக்க மிஞ்சும் பணம்) காலியானது. இதை நான் நோட்டில் எழுதவே இல்லை! யாராவது இரண்டு நட்சத்திரங்களை வாங்கிவிட்டால் மூன்று வருடக் காத்திருப்பு மண்ணாகிவிடும். ஆட்டத்தை ஒவ்வொரு நாளாக ஓட்டினேன், ஒரேயடியாகத் தள்ளவில்லை. நாலாம் நாள் ஒருவரை முழுச் சம்பளத்துக்குப் பிடித்தார்கள், 31 வயது பவர் ஃபார்வர்டு. அப்புறம் மூன்று நாள் ஒன்றுமில்லை. நல்லவர்கள் எல்லாம் வேறு ஊர்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்டோபரில் அவர்கள் அணியைத் திறந்து பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. சீசன் முடிவில் 22-60, கடைசியிலிருந்து மூன்றாவது. முதலிடத்துக்கு 14 சதவீதம், கடைசி மூன்று அணிக்கும் ஒரே சதவீதம்தான், கெட்டதிலும் கெட்டது 7. வந்தது 2.

இனி நோட்டில் ஒரு புதுக் கட்டம் சேர்க்கிறேன்: ஒப்பந்தங்கள் கழலும் கோடையில் அணிக்கு எவ்வளவு சம்பள இடம் இருக்கும் என்பது.

டிராஃப்ட் கிளாஸ் (ஒரு வருடத்துப் புதுமுகங்களின் தொகுப்பு) பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஆட்டக்காரர்கள் செய்து பகிர்கிற கோப்புகளை முன்பெல்லாம் இறக்கிக்கொள்வேன். முகம், உடல்வாகு எல்லாம் அருமையாகச் செய்கிறார்கள், உழைப்பு தெரிகிறது. ஆனால் போன முறை இறக்கியதில் நுழையும்போதே திறன் எண் 80க்கு மேல் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்படி வந்தால் 9ஆம் பிக்கும் 2ஆம் பிக்கும் ஒன்றாகிவிடும், பிக் சேர்ப்பதற்கே பொருளில்லை. இறக்குவதற்கு முன் முதல் பத்துப் பேரின் எண்ணைப் பாருங்கள், 78ஐத் தாண்டுகிறவர் ஒருவர் இருவருக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த முறை ஆட்டம் தானாகத் தருகிற கிளாஸ்தான்.

இதை முடிப்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு மனது ஓடிவிட்டது. 2002 காலகட்டத்தில் தொடங்கி, அங்கேயும் யூட்டாதான் குறி, ஆனால் இந்த முறை அந்த அணியாக அல்ல, அவர்களுடைய பிக்கை வாங்குகிற பக்கம் நான். அவர்களுடைய நட்சத்திரங்களில் ஸ்டாக்டனுக்கு 40, மலோனுக்கு 39. நோட்டுக் கணக்குப்படி 2004 பிக்கை வாங்க வேண்டும். நிஜத்தில் அவர்கள் இருவரும் போன பிறகும் பயிற்சியாளர் ஜெரி ஸ்லோனின் அணி 2003-04இல் 42-40 முடித்தது, சரிந்தது அடுத்த வருடம்தான், 26-56. ஆகவே 2005ஐத்தான் கேட்கப் போகிறேன். பயிற்சியாளருக்கும் ஒரு கட்டம் போடலாமா என்று யோசனை.

இப்போதைக்கு 2ஆம் பிக். ஸ்கவுட்டிங் பாதிதான் முடிந்திருக்கிறது. 6 அடி 9 அங்குல விங் (ஓரத்தில் ஆடுகிறவன்) ஒருவன், 19 வயது, வளர்ச்சி ஏ பிளஸ் என்று காட்டுகிறது, எறிதல் இன்னும் திறக்கவில்லை. இன்னொருவன் 22 வயது பாயிண்ட் கார்டு, எல்லாம் தெரிந்துவிட்டது, இன்றே 77. ஸ்கவுட்டை விங் பக்கம் அனுப்பியிருக்கிறேன். மூன்று புள்ளி எண் 70க்கு மேல் வந்தால் அவன்தான்.